வந்தியின் பங்கு
அனர்த்த முகாமைத்துவக் கல்வி பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு புதிய கல்வித்துறை தோன்றுமிடத்து, அஃது எவ்வினாவுக்கு விடை காண எழுந்தது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். வினா குறுகியதாயின், விடை எத்துணைச் செப்பமாக அமையினும் அத்துறை குறுகியே நிற்கும். அண்மைக் காலத்திற் பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றுள்ள அனர்த்த முகாமைத்துவம் என்னும் பாடத்தை இந்நோக்கில் மதிப்பிடுதலே இக்கட்டுரையின் கருத்தாகும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்டதும், 2025ஆம் ஆண்டு நவெம்பரில் டித்வாப் புயலோடு வந்த வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்ததுமான ஒரு தீவில் வாழும் நமக்கு இம்மதிப்பீடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இத்துறையின் முதல் ஆராய்ச்சி ஒரு துறைமுகத்தின் அழிவிலிருந்து பிறந்தது. கனடா நாட்டு ஹலிபாக்ஸ் துறைமுகத்தில் 1917ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆம் நாள், வெடிபொருள் ஏற்றிவந்த கப்பலொன்று மற்றொரு கப்பலுடன் மோதித் தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ 2,000 மக்கள் மாண்டனர். அந்நகரில் மதகுருவாக இருந்து நிவாரணப் பணியில் ஈடுபட்ட சாமுவேல் ஹென்றி பிரின்ஸ் என்பவர், அவ்வழிவு நகரின் சமூக வாழ்வை எங்ஙனம் மாற்றியது என்பதை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்ட ஆய்வாக வெளியிட்டார். பேரழிவைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த முதல் நூல் இதுவென அறிஞர் கொள்வர். அந்நாளில் நிகழ்ந்த மற்றொரு செய்தியும் நினைவிற் கொள்ளத்தக்கது. புகையிரதத் தந்தி அலுவலராகிய வின்சன்ட் கோல்மன் என்பவர், கப்பல் வெடிக்கப் போகின்றதென அறிந்தும் தம் இடத்தை விட்டு நீங்காது, நகரை நோக்கி வரும் வண்டியை நிறுத்துமாறு தந்தி அடித்து, வெடிப்பில் உயிர் துறந்தார். அறிந்த ஒருவன் அறியாத ஒருவனுக்குக் காலத்தில் அறிவித்தல் என்னும் செயலே இத்துறையின் தொடக்கத்தில் நிற்கின்றது எனலாம்.

பின்னர், 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனர்த்த ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அது 1985ஆம் ஆண்டில் டெலவெயர்ப் பல்கலைக்கழகத்துக்கு இடம்மாறியது. பேரழிவு வேளையில் மக்கள் பீதியுற்றுச் சிதறியோடுவர் என்னும் பொது நம்பிக்கை பெரும்பாலும் பிழையானது என்பதும், பாதிக்கப்பட்டோரே முதற்கண் ஒருவருக்கொருவர் கைகொடுத்து மீட்கின்றனர் என்பதும் இத்தகைய ஆராய்ச்சிகளால் நிலைநாட்டப்பெற்ற உண்மைகளாம். இந்தியாவில் மும்பையின் தாத்தா சமூக விஞ்ஞான நிறுவனம் அனர்த்தக் கல்விக்கெனத் தனிப்பள்ளியே அமைத்தது. இலங்கையில் ஆழிப்பேரலைக்குப் பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசிய பேரவையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தோன்றின. அவற்றின் தேவைக்கேற்பப் பல்கலைக்கழகங்களும் புவியியல், பொறியியல் முதலிய துறைகளின் அணைப்பில் இப்பாடத்தைக் கற்பிக்கலாயின.

இனி, பாடத்தின் பெயரை நோக்குவாம். அனர்த்தம் என்னும் வடசொல் அர்த்தமின்மை எனவும் விரும்பத்தகாதது எனவும் பொருள்படும். முகாமைத்துவம் என்பது வணிகமும் நிருவாகமும் தந்த சொல். பொருளற்றதாய் வந்து விழுந்த ஒன்றை அலுவலகத்திலிருந்து நிருவகித்தல் என்பதே இவ்விரு சொற்களும் கூடித் தரும் தோற்றமாகும். பாடத்திட்டமும் பெரும்பாலும் இத்தோற்றத்துக்கு இயையவே அமைகின்றது. தணித்தல், ஆயத்தம், பதிற்செயல், மீட்சி என நான்கு கட்டங்களை ஒரு வட்டமாக வரைந்து, மாணவன் அவ்வட்டத்தை மனனஞ் செய்யுமாறு கற்பிப்பர். இவ்வட்டம் பயனற்றதன்று, பெருங்குழப்பத்தினிடையே கடமைகளை வரிசைப்படுத்த அஃது உதவும். ஆயின், வட்டத்தின் நடுவில் நின்று நோக்குபவர் யார், அதன் சுற்றில் நின்று நசுங்குபவர் யார் என்னும் வினா அவ்வரைபடத்தில் இடம்பெறுவதில்லை. இக்குறை எத்தன்மைத்து என்பதை நம் நாட்டில் நிகழ்ந்த மூன்று அழிவுகளைக் கொண்டு காண்பாம்.

முதலாவது, பெரலிய. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலை சுமாத்திராக் கரையோரத்திற் கடலடி நிலம் அதிர்ந்தது. அலை இலங்கையின் கீழ்க்கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. தென்மேற்குக் கரையை அடைய மேலும் நேரம் சென்றது. அக்காலத்தில் இந்து சமுத்திரத்துக்கெனச் சுனாமி எச்சரிக்கை அமைப்பு இருந்ததில்லை. ஹவாயிலுள்ள பசிபிக் நிலையத்தார் நில அதிர்வை நிமிடக் கணக்கில் உணர்ந்தனராயினும், அவர்தம் அறிவித்தல் பசிபிக் நாடுகளை நோக்கியதாகவே அமைந்தது. அன்று காலை கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட சமுத்திரா தேவி என்னும் புகையிரதம், வெள்ளவத்தையையும் தெகிவளையையும் கடந்து கடலோரமாகத் தெற்கே சென்றது. மருதானைக் கட்டுப்பாட்டு நிலையத்தார் செய்தி அறிந்தபின் அப்பாதையில் வண்டிகளை நிறுத்த முயன்று சிலவற்றை நிறுத்தினர். இவ்வண்டிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. காலை ஒன்பதரை மணியளவிற் பெரலியவில் அலை அதனை மூடியது. முதல் அலையிற் கவிழாது நின்ற வண்டியை அரணென நம்பி அயலூர் மக்களும் அதில் ஏறினர்; அடுத்து வந்த பேரலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இதற்குச் சரியாக நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1964ஆம் ஆண்டு டிசெம்பரில், பாக்கு நீரிணையின் அக்கரையிலே பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் வண்டியும் இவ்வாறே புயலலையில் அகப்பட்டு, அதிலிருந்தோர் உயிரிழந்தனர். கொழும்பிலிருந்து தலைமன்னார் வழியே கடல் கடந்து சென்றோர்க்குத் தனுஷ்கோடி பழகிய பெயர். ஹலிபாக்ஸ் வண்டிக்குத் தந்தி சென்றது. தனுஷ்கோடி வண்டிக்கும் பெரலிய வண்டிக்கும் காலத்திற் சொல் செல்லவில்லை. அறிவு இருந்தும் அது சென்றடையாமை முதல் வகைக் குறை என்க.

இரண்டாவது, மீரியபெத்தை. பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த இத்தேயிலைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலைச்சரிவு இறங்கி லயன் வரிசைகளை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் பிழைத்துத் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. இங்கே அறிவு சென்றடையவில்லை எனக் கூறல் இயலாது. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தனர். மண்ணின் தன்மையும் மழையின் அளவும் சரிவின் சாய்வும் ஆராயப்பட்டிருந்தன. எனினும், வெளியேறுக என்னும் அறிவுரை யாருக்குக் கூறப்பட்டதென நோக்குக. குடியிருந்த லயத்துக்கோ அது நின்ற நிலத்துக்கோ அத்தொழிலாளர் உரிமையாளர் அல்லர். தொழில் தோட்டத்தில், இருப்பிடமும் தொழிலோடு பிணைந்தது. சொந்தமென ஒரு பிடி மண் இல்லாதானைப் பார்த்து இம்மண்ணை விட்டு வேறு மண்ணுக்குச் செல்க எனல், நீந்தத் தெரியாதானைப் பார்த்துக் கரையேறுக எனல் போலும். அறிவு சென்றடைந்தும் அதன்படி ஒழுக வழியின்மை இரண்டாம் வகைக் குறையாகும்.

மூன்றாவது, மீதொட்டமுல்ல. கொழும்பு நகரின் குப்பை நெடுங்காலம் கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டல் பகுதியிற் குவிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2009ஆம் ஆண்டில் அவ்விடம் மூடப்பட்டபோது, குப்பை கொலன்னாவையைச் சார்ந்த மீதொட்டமுல்லைக்குத் திரும்பியது. மலை மறையவில்லை, இடம்பெயர்ந்தது. அதன் அடிவாரத்து மக்கள் தம் சுவர்கள் வெடிப்பதையும் நீர் கெடுவதையும் கண்டு ஆண்டாண்டாய் முறையிட்டனர். வீதியில் இறங்கிப் போராடினர். 2017ஆம் ஆண்டு ஏப்பிரில் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, மலை சரிந்தது. 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். இங்கே ஆபத்தை முதலில் அறிந்தவர் அதன் கீழ் வாழ்ந்தவரே. அவர் அறிவு மேனோக்கிச் செல்ல வழியில்லை. அறிந்தவனின் சொல் அறிவெனக் கொள்ளப்படாமை மூன்றாம் வகைக் குறையாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம் காலையில் வாயிலில் வைத்த குப்பையும் அம்மலையில் ஒரு பங்கு என்பதை ஈண்டு மறத்தலாகாது.

இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். இம்மூன்றிலும் இயற்கையின் வலிமை மட்டுமே அழிவை விளைத்தது என்றல் பொருந்தாது. அறிவுக்கும் வீட்டு வாயிலுக்கும் இடைப்பட்ட வழி எங்கோ அறுந்திருந்தது. அவ்வழியை ஆராய்தலே அனர்த்தக் கல்வியின் நடுப்பொருளாதல் வேண்டும் என்பது எமது கருத்து. நில அதிர்வை அளக்கும் விஞ்ஞானி அவ்வழியின் ஒரு முனையில் நிற்கின்றார். மறுமுனையில் நிற்பவரை அளக்கும் கருவி எத்துறையின் கையில் உளது?

இவ்வினாவுக்கு நம் இலக்கியத்திற் குறிப்பு உண்டா என நோக்குதல் பயன் தரும். தமிழ் இலக்கியம் பேரழிவை இரு வேறு நோக்கிற் கண்டிருக்கின்றது. மணிமேகலையிற் காவிரிப்பூம்பட்டினம் கடலாற் கொள்ளப்படுகின்றது. இந்திரவிழா கைவிடப்பட்டமையால் நேர்ந்த சாபமே அதற்குக் காரணமெனக் காப்பியம் கூறும். ஏன் வந்தது என்னும் வினாவுக்கு அங்கே விடை உண்டு. மூழ்கிய சேரிகளில் யார் இருந்தனர் என்னும் வினா எழவில்லை. 1755ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரம் நில அதிர்வால் அழிந்தபோது ஐரோப்பிய அறிஞரும் இறைவனின் நீதி பற்றியே பெரிதும் வாதிட்டனர். அவ்வேளையில் ரூசோ, வோல்ட்டேயருக்கு எழுதிய மடலில், அத்துணை மாடிவீடுகளை அவ்விடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்னும் கருத்தை உணர்த்தினார். அழிவின் காரணத்தை வானிலிருந்து மண்ணுக்கு இறக்கிய கூற்று அது.

இரண்டாம் நோக்கு திருவிளையாடற் புராணத்தின் மண் சுமந்த படலத்திற் காணப்படுவது. வைகை பெருக்கெடுத்துக் கரையை உடைக்கின்றது. பாண்டியன் கரையை அளந்து, பங்கு பங்காகப் பிரித்து, குடிக்கு ஒரு பங்கென விதித்து, மேற்பார்வைக்கு ஏவலரை நிறுத்துகின்றான். இக்காலத்தார் முகாமைத்துவம் என்பதன் இலக்கணம் முழுவதும் இவ்வேற்பாட்டில் உண்டு. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு வருகின்றது. அவளுக்கு மகனுமில்லை, கூலிக்கு ஆள் வைக்கப் பொருளுமில்லை. இறைவன் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொண்டு, ஆடியும் பாடியும் உறங்கியும் பொழுது போக்குகின்றான். ஏனைய பங்குகள் அடைபட்டும் வந்தியின் பங்கு அடைபடவில்லை. மன்னன் பிரம்பால் அடிக்க, அவ்வடி மன்னன் மேலும் எல்லா உயிர்களின் மேலும் பட்டது.

இப்படலத்தின் பக்திப் பொருளை நாம் குறைத்துரைக்கவில்லை. அதன் உள்ளே கிடக்கும் நிருவாக உண்மையையே எடுத்துக்காட்டுகின்றோம். மன்னனின் பங்கீடு நேர்மையற்றதன்று, அது சமமானது. சமமில்லாதார்க்குச் சமமாகப் பங்கிட்டமையே அதன் பிழை. வெள்ளம் கரையின் சராசரி உயரத்தை நோக்கி நுழைவதில்லை. தாழ்ந்த இடத்தை நோக்கியே நுழையும். ஆகவே வந்தியின் பங்கு எவ்வளவு உறுதியோ அவ்வளவே மதுரையின் உறுதி. அவள் பங்கிற்கு விழுந்த அடி அரசன் முதுகிலும் பட்டது என்பதை அருளின் அற்புதமாகக் கொள்வோர் கொள்க; நகரின் பொதுவிதியாகவும் அதனைக் கொள்ளலாம். மீரியபெத்தையின் தொழிலாளியும் மீதொட்டமுல்லையின் குடிமகளும் நம் கால வந்தியர்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். அனர்த்தக் கல்வி தொழில்நுட்பக் கல்வியே. மழைமானியும் செய்மதியும் மண்பரிசோதனையும் இன்றி இரக்கத்தால் மட்டும் உயிர்களைக் காத்தல் இயலாது என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. அளவறியாத இரக்கம் அலை வருமுன் ஒருவரையும் மேட்டுக்கு ஏற்றாது. இந்து சமுத்திரத்துக்குரிய எச்சரிக்கை அமைப்பு 2004ஆம் ஆண்டின் பின்னர்த் தோன்றியமை பெரும் பேறே. ஆயினும், கருவி தரும் எச்சரிக்கை ஒரு வாக்கியமாக மாறுகின்றது. அவ்வாக்கியம் ஒரு மொழியில் அமைகின்றது. ஒருவர் அதனை மற்றொருவருக்குச் சொல்கின்றார். கேட்டவர் நம்பவும் எழுந்து செல்லவும் செல்ல ஓரிடம் இருக்கவும் வேண்டும். இக்கண்ணிகளுள் ஒன்று அறினும் கருவியின் நுட்பம் வீணாகும்.

வங்காள தேசத்தின் வரலாறு இதனை வலியுறுத்தும். 1970ஆம் ஆண்டு நவெம்பரில் அந்நிலத்தைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சம் அல்லது அதற்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். நாடு விடுதலை பெற்றபின், 1972ஆம் ஆண்டில், அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து புயல் ஆயத்தத் திட்டமொன்றைத் தொடங்கின. ஊர்தோறும் தொண்டர் தெரிந்தெடுக்கப்பட்டனர். கொடியும் ஒலிபெருக்கியும் வானொலியும் அவர் கையில் தரப்பட்டன. புகலிடங்கள் படிப்படியாகக் கட்டப்பட்டன. 2007ஆம் ஆண்டு நவெம்பரில் வந்த சித்ர் என்னும் கடும்புயலில் இறந்தோர் தொகை ஆயிரக்கணக்காகவே இருந்தது. அதுவும் பெருந்துயரே, எனினும் இலட்சக்கணக்கு அன்று. இரு புயல்களும் எல்லா வகையிலும் ஒத்தவை அல்ல. ஆயினும் அறிவுக்கும் வாயிலுக்கும் இடையே மனிதர் நிரையாக நின்றமை இவ்வேறுபாட்டிற்கு ஒரு பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை.

அத்தொண்டர் பட்டதாரிகள் அல்லரே, பின்னர்ப் பல்கலைக்கழகம் எதற்கு என வினவலாம். தொண்டனின் கைக்கு எட்டாத பணிகள் பல உள. எச்சரிக்கையின் வாசகத்தை ஆக்குவோர், நிலத்தைப் பங்கிடும் சட்டத்தை வரைவோர், குப்பையை எங்குக் கொட்டுவதென முடிவு செய்வோர் ஆகியோரைப் பல்கலைக்கழகமே ஆக்குகின்றது. அவர்தம் கல்வியில் மறுமுனையில் நிற்பவரின் முகம் இடம்பெறாவிடின், பிழை வகுப்பறையிலேயே தொடங்கிவிடும்.

ஆதலின், இப்பாடத்திட்டத்துள் மூன்று சேர்க்கப்படல் வேண்டும். ஒன்று மொழி. தமிழும் சிங்களமும் கலந்து வழங்கும் கொட்டாஞ்சேனை போன்ற பகுதியில், ஓர் எச்சரிக்கையை இரு மொழியிலும் ஒரே வேளையில், ஒரே தெளிவோடு ஆக்கப் பழகுதல் அலங்காரப் பயிற்சி அன்று, உயிர்காப்புப் பயிற்சியாகும். அனர்த்தத்துறைக்குரிய தமிழ்ச்சொற்கள் அகராதியில் மட்டும் விளங்குவனவாய் இருத்தல் போதாது. அடுக்களையிலும் விளங்குதல் வேண்டும். மற்றொன்று நிலவுரிமையும் சட்டமும். வெளியேறுக எனக் கற்பிக்குமுன், எங்கே என்னும் வினாவுக்கு விடை காணக் கற்பித்தல் வேண்டும். மூன்றாவது, ஊர் வரலாறு. ஒவ்வோர் அழிவின் பின்னரும் யார் இறந்தனர், எவ்விடத்தில், அறிவித்தல் எப்போது வந்தது, வந்தும் ஏன் செல்லவில்லை என்பவற்றைத் தப்பியோர் வாய்மொழியாகத் தொகுத்துக் காத்தல் பல்கலைக்கழகத்தின் கடன். இலக்கியம், வரலாறு, மொழியியல் என்னும் துறைகள் பொறியியலின் அருகே சம ஆசனம் பெறவேண்டிய இடம் இதுவேயாம்.

இக்கல்விக்குத் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தை என்னும் பெயர் நம் செவிக்கு வெள்ளத்தை நினைவூட்டினும், சிங்களத்தில் அது மணல் தோட்டம் எனப் பொருள்படும். எனினும் நகரின் மழைநீரைக் கடலிற் சேர்க்கும் வாய்களுள் ஒன்று அங்குள்ள கால்வாயே. வடக்கே நாகலகம் வீதியில் களனி கங்கையின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் நிற்கின்றது. இவற்றுக்கு இடையே கிடக்கும் சதுப்பு நிலங்கள் பெருமழையைத் தாங்கி நகரைக் காப்பன. அவற்றின் சிறப்பு நோக்கி 2018ஆம் ஆண்டிற் கொழும்பு ஈரநில நகரமென ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஏற்கப்பட்டது. சதுப்பை மண்ணிட்டு நிரப்பும்போது அங்கே நின்றிருக்க வேண்டிய நீர் யாருடைய வீட்டிற்குட் செல்லும் என்பதை ஒரு மாணவன் தன் கால்களால் நடந்து, குடியிருப்போரைக் கேட்டு, வரைபடமாக்குவானாயின், நான்கு கட்ட வட்டத்தை நூறுமுறை வரைந்தானிலும் அவன் மிகக் கற்றவனாவான்.

அனர்த்த முகாமைத்துவம் கற்கச் செல்லும் நம் மாணவர் தொகை பெருகுதல் வேண்டும்; அதனை நாம் வரவேற்கின்றோம். அத்துறையின் தேர்வுத்தாளில், அனர்த்தத்தின் கட்டங்கள் எவை என்னும் வினாவின் அருகே மற்றொரு வினாவும் இடம்பெறுதல் வேண்டும்: நீ வாழும் ஒழுங்கையில் வந்தி யார்? அவள் பங்குக் கரையை அடைக்க யாரை அனுப்பியுள்ளாய்? இவ்வினாவுக்கு வீட்டு எண்ணோடு விடை எழுதவல்ல மாணவனே இத்துறையிற் பட்டம் பெறத் தகுதியுடையவன் என்க.